பழைய கணப்பு அடுப்பு: நாட்குறிப்பு

அக்டோபர் 5

கொட்டகையில் கிடந்த கணப்பு அடுப்பை இன்று வெளியே எடுத்தேன். முழுக்க வார்ப்பிரும்பு. கதவு, மேல்தட்டு, உள்ளே அடுக்கியிருந்த தீச்செங்கல் எல்லாம் கழற்றிய பிறகுதான் இரண்டு பேரால் அசைக்க முடிந்தது. துரு மேலோட்டம்தான். சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். பக்கத் தட்டுகள் கணீரென்றன. பின்தட்டில் மட்டும் ஓசை செத்திருந்தது.

அக்டோபர் 6

விரிசல்தான், ஒரு விரல் நீளம். வார்ப்பிரும்பை முதலில் சூடேற்றி, நிக்கல் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் ஓடும். கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுத்துவிட்டேன்.

கதவோரத்து இடைவெளியை அடைக்கும் வெளிறிய கயிறுதான் எனக்குப் பயம். பழைய அடுப்புகளில் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டினால் இழை பறந்து நுரையீரலில் தங்கிவிடும். கல்நார் என்றே வைத்துக்கொண்டு முகமூடி போட்டு, நன்றாக நனைத்து உரித்து, இரட்டைப் பையில் கட்டி, ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்தேன். இந்த வேலையில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அக்டோபர் 13

நாள் முழுக்கக் கம்பி பிரஷ். தோள் வலி.

அக்டோபர் 20

பின்தட்டு திரும்பி வந்தது, நல்ல வேலை. மூட்டுகளில் பழைய பூச்சு உதிர்ந்திருந்ததால் தீ தாங்கும் சிமென்ட்டைப் புதிதாக வைத்துப் பூட்டினேன். இருட்டிய பிறகு உள்ளே டார்ச்சை எரியவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒளிக்கீற்று. அதையும் அடைத்தேன். கண்ட இடத்தில் காற்று புகுந்தால் தீ நம் கைக்கு அடங்காது.

நவம்பர் 2

கதவுக்குப் புதிய கண்ணாடியிழைக் கயிறு. காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். கீல் பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. கீலைச் சரிசெய்ததும் நான்கு பக்கமும் இறுகியது. அப்புறம் சுள்ளி மட்டும் போட்டுச் சின்னத் தீ. சிமென்ட் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். புதுப் பெயின்ட் வாடைக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்தேன்.

நவம்பர் 9

மனசே சரியில்லை. அடுப்பு எரிகிறது, ஆனால் அறை சூடாகவில்லை. ஒரு மணி நேரத்தில் கண்ணாடி கறுத்துவிட்டது.

கட்டையைப் பிளந்து, புதிய முகத்தில் ஈரமானியைக் குத்தினேன்: 31 சதவீதம். 20-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 2,260 கிலோஜூல் போய்விடும். அறைக்கு வர வேண்டிய சூடு அது. கொட்டகையின் மறுகோடியில் இருந்த பழைய அடுக்கில் 17 காட்டியது. இனி அதிலிருந்துதான்.

நவம்பர் 10

புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் உள்ளிருந்து கறுத்துப் பளபளத்த படிவைப் பெயர்த்துக் காட்டினார். கிரியோசோட். எரியாத புகை குளிர்ந்த குழாயில் படிந்து தார் போல இறுகியது. “இது பத்திக்கிச்சுன்னா குழாயே அடுப்பாயிடும் சார்” என்றார்.

1742-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தாம் உருவாக்கிய அடுப்பில் புகையைக் கீழ்நோக்கி வளைத்து, அதன் சூட்டைக் கறக்கப் பார்த்தார். குழாய் சூடாக இல்லாதபோது புகை மேலேறாமல் அறைக்கே திரும்பியது. புகையிடமிருந்து சூட்டைப் பிடுங்குவதைவிட, புகையையே எரித்துவிடுவதுதான் வழி. விறகின் சூட்டில் பாதிக்கு மேல் கட்டையிலிருந்து கிளம்பும் வாயுக்களில்தான் இருக்கிறது. துருவோடும் விரிசலோடும் போராடியதில் இதை நான் யோசிக்கவே இல்லை.

நவம்பர் 24

இரண்டு வார வேலை. தீக்கு மேலே குறுக்காக ஒரு வெர்மிகுலைட் பலகை, சூடு தாங்கும் கனிமப் பலகை அது. புகை நேராகக் குழாய்க்கு ஓடாமல் முன்னால் சுற்றித்தான் போக வேண்டும். பலகைக்கு அடியில் துளையிட்ட துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள். பின்புறம் நுழையும் காற்று அவற்றுக்குள் சூடாகி, புகையோடு கலக்கும். அந்த இடம் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வாயு பற்றிக்கொள்ளும். அடுப்பின் உள்ளமைப்பை மாற்றியிருப்பதால் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிவிட்டுத்தான் பற்றவைப்பேன். புகைபோக்கிக்காரரும் வந்து பார்த்துச் சரி என்றார்.

டிசம்பர் 7

பெரிய கட்டை அடியில், சுள்ளி உச்சியில், மேலிருந்து பற்றவைத்தேன். இருபது நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். கட்டையின் மேல் தீ அடங்கியது, குழாய்த் துளைகளிலிருந்து மஞ்சள் நாக்குகள் கீழ்நோக்கி நீண்டன. விறகைத் தொடாமல் அந்தரத்தில் எரிகிறது! கண்ணாடி தெளிவாகவே இருந்தது. அம்மா நாற்காலியை இரண்டு முறை பின்னுக்கு நகர்த்தினார்.

வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். புகைபோக்கி வாயில் புகையே இல்லை. அதன் மேலிருந்த நட்சத்திரங்கள் மட்டும் வெப்பத்தில் நடுங்கின. எவ்வளவு நேரம் நின்றேனோ.

“கதவைச் சாத்துப்பா, சூடெல்லாம் போகுது” என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.