ரயில் போன பாதையில் சைக்கிள்: ஸ்பொலேட்டோ முதல் நோர்ச்சியா வரை

இத்தாலியில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் டஸ்கனிக்குப் போ என்பார்கள். சியெனாவைச் சுற்றியுள்ள வெள்ளை மண் சாலைகளும் சைப்ரஸ் மரங்களும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மலை வேண்டும், பழைய ஊர்கள் வேண்டும், கூட்டம் மட்டும் வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது பக்கத்து மாநிலமான உம்பிரியாவை. கடற்கரையே இல்லாத மாநிலம் அது. எங்கு பார்த்தாலும் குன்று, குன்றின் மேல் ஒரு கல் ஊர். அங்கே ஸ்பொலேட்டோவிலிருந்து நோர்ச்சியா வரை மலையைக் குடைந்து போகும் ஒரு பழைய ரயில் பாதை இருக்கிறது. தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அது மவுண்டன் பைக் பாதை.

பாதையின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் ஓட்டும்போது ஒவ்வொரு வளைவும் பேசும். 1913-ல் வேலை தொடங்கி, முதல் உலகப் போரில் தடைபட்டு, 1926 நவம்பர் 1 அன்று முதல் ரயில் ஓடியது. எர்வின் தோமான் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வடிவமைத்தார். 51 கிலோமீட்டர் தூரத்துக்கு 19 சுரங்கங்கள், 24 பாலங்கள். 950 மில்லிமீட்டர் அகலமே உள்ள குறுகிய பாதை, ஆனால் மின்சார ரயில். ஆல்ப்ஸ் மலையின் புகழ்பெற்ற ரயில் பாதையை நினைத்து இதை உம்பிரியாவின் கொத்தார்ட் என்று அழைத்தார்கள். 1968 ஜூலை 31-ல் மூடிவிட்டார்கள்.

ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதுதான் சைக்கிள்காரனுக்கு வரம். இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது. அதனால் இந்தப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றமே ஆயிரம் மீட்டருக்கு 45 மீட்டர்தான். நடுத்தர வயதில், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பழகிய கால்களோடு, ஒரு மலைத்தொடரையே தாண்டிவிடலாம். நூறு வருஷத்துக்கு முன் யாரோ கணக்குப் போட்டு வைத்த சரிவு இன்றைக்கு நம் முழங்காலைக் காப்பாற்றுகிறது. பாதை முழுக்க எனக்கு அந்த நன்றி உணர்வு இருந்தது.

ரோமிலிருந்து அங்கோனா போகும் ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்பொலேட்டோ. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே 18 மீட்டர் உயரத்தில் கறுப்பு இரும்புச் சிற்பம் ஒன்று கால் பரப்பி நிற்கும். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1962-ல் செய்தது. அதன் கால்களுக்கு நடுவே கார்கள் போய் வருகின்றன.

ஸ்பொலேட்டோவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். சைக்கிளை வாடகைக்கு எடுக்கும் முன் நடந்தே பாருங்கள். கி.மு. 241-ல் ரோமானியர்கள் குடியேற்றம் அமைத்த ஊர். கி.மு. 217-ல் ரோமை எதிர்த்து வந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் படையைத் திருப்பி அனுப்பிய ஊர். கதீட்ரலில் பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரோவியங்கள் பிலிப்போ லிப்பி வரைந்தவை. அந்த வேலை முடியும் தறுவாயில், 1469-ல், அவர் இங்கேயே இறந்துபோனார். உடலை ஃப்ளாரன்ஸுக்குத் தரும்படி அந்த ஊரை ஆண்ட லோரென்சோ தே மெதிச்சி கேட்டதாகவும், ‘உங்கள் ஊரில் பெரிய மனிதர்களின் கல்லறைகள் ஏராளம், எங்களிடம் இவர் ஒருத்தர்தானே’ என்று ஸ்பொலேட்டோக்காரர்கள் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். கல்லறை இன்றும் அந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது.

ஊரின் உச்சியில் 14-ஆம் நூற்றாண்டுக் கோட்டை. 1982 வரை சிறைச்சாலையாக இருந்தது. கோட்டையைச் சுற்றிப் போகும் சாலையில் ஒரு திருப்பத்தில் திடீரென்று தெரியும் போன்தே தெல்லே தோர்ரி பாலம். இரண்டு மலைகளை இணைத்து, 230 மீட்டர் நீளம், ஏறக்குறைய 80 மீட்டர் உயரம். தண்ணீர் கொண்டுவரக் கட்டியது. 1786-ல் ஜெர்மன் எழுத்தாளர் கெத்தே இங்கு வந்தபோது இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். கீழே பள்ளத்தாக்கில் மரங்களின் உச்சி மட்டும் தெரிகிறது.

பாலத்துக்கு அப்பால் இருப்பது மோந்தேலூக்கோ மலை, உயரம் சுமார் 800 மீட்டர். கால்களைப் பழக்க நல்ல இடம். தார்ச் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. இறங்க விரும்பினால் காட்டுக்குள் கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதைகள் உண்டு. அது இறக்கத்தில் அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். உச்சியில் புனித பிரான்சிஸின் துறவிகள் தங்கிய மிகச் சின்ன அறைகள், பக்கத்தில் ஓக் மரக் காடு. அந்தக் காட்டைத்தான் நான் மறக்க மாட்டேன். கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று லத்தீனில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மீறினால் ரோமானியக் கடவுள் ஜூபிட்டருக்கு ஒரு மாடு பலி கொடுத்துப் பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு வெட்டியிருந்தால் அபராதமாக 300 காசுகளும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூலக் கல் ஸ்பொலேட்டோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெரியாமல் செய்தவனையும் தெரிந்து செய்தவனையும் அந்தச் சட்டம் பிரித்துப் பார்த்திருக்கிறது பாருங்கள். மரங்கள் இன்னும் நிற்கின்றன, நிழலும் அடர்த்தியாக இருக்கிறது.

சரி, ரயில் பாதைக்கு வருவோம்.

முன் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் போதும், பின் சஸ்பென்ஷன் தேவையில்லை. ரோடு பைக் வேண்டவே வேண்டாம். தண்டவாளத்தை எடுத்த பிறகும் ஜல்லி பல இடங்களில் அப்படியே கிடக்கிறது. அகலமான டயர், காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் வழுக்காது. ஹெல்மெட், நல்ல ஹெட்லைட், ஒரு ஜெர்கின் மூன்றும் கட்டாயம். வெயில் காலத்தில் ஜெர்கின் எதற்கு என்று கேட்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் தெரியும். வாடகைக் கடைப் பெண்மணி என் விளக்கைக் கையில் வாங்கி, எரியவிட்டுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போய் வேறொரு பெரிய விளக்கைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் மாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. சுரங்கத்துக்குள் போனதும் அவரை மனதுக்குள் கும்பிட்டேன்.

ஊரை விட்டதும் பாதை ஏறத் தொடங்குகிறது. ஏறுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. கியரைக் குறைக்கும்போதுதான் கால் சொல்லும். பாலங்களின் மேல் போகும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் ஸ்பொலேட்டோவின் கோட்டை ஒவ்வொரு முறையும் சின்னதாகிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் ஓக், மஞ்சள் பூ பூத்த முட்செடி, இடையிடையே ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த குட்டி வீடுகள்.

அப்புறம் வருகிறது கப்ரரேச்சா சுரங்கம். பாதையின் உச்சி இதுதான், 600 மீட்டருக்கு மேல். நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். உள்ளே விளக்கு கிடையாது. வாசலில் நிற்கும்போதே ஈரக் காற்று முகத்தில் அடிக்கும், உடனே ஜெர்கினை மாட்டிவிடுவோம். ஐம்பது மீட்டர் உள்ளே போனதும் வெளிச்சம் என்றால் நம் விளக்கு போடும் வட்டம் மட்டும். மேலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், ஜல்லியை டயர் அரைக்கும் சத்தம், நம் மூச்சு. சுவரில் ஆள் ஒதுங்கி நிற்கும் அளவு குழிகள் குடைந்திருந்தன. ரயில் வரும்போது உள்ளே வேலை செய்பவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்கு. ஒரு குழியில் நானும் நின்று பார்த்தேன். தோள் இரண்டு பக்கமும் கல்லில் இடித்தது. இந்த இருட்டுக்குள் வருஷக்கணக்கில் கல்லுடைத்தவர்களின் பெயர் எங்கும் எழுதியில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொறியாளரின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் அவர்களையும் சொல்ல வேண்டும்.

சுரங்கத்தின் மறுவாசலில் வெளியே வரும்போது வேறு உலகம். ஸ்பொலேட்டோ பக்கத்து வெயில் குன்றுகள் போய், செங்குத்தான பச்சை மலைகள். கீழே, ரொம்பக் கீழே, நேரா ஆற்றின் பள்ளத்தாக்கு. இங்கிருந்து ஆற்றங்கரை வரை இறக்கம்தான், பாதையின் உயிரே இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் கொஞ்சத் தூரம், ஆனால் இறங்க வேண்டிய ஆழம் அதிகம். ரயில் அப்படிக் குதித்து இறங்க முடியாதே. அதனால் தோமான் பாதையை முறுக்குச் சுற்றுவது போலச் சுற்றி விட்டிருக்கிறார். ஒரு பாலத்தைக் கடக்கிறோம், வளைந்த சுரங்கத்துக்குள் நுழைகிறோம், வெளியே வந்தால் சற்று முன் கடந்த பாலம் தலைக்கு மேலே நிற்கிறது. திசை மொத்தமாகக் குழம்பிவிடும். வளைந்த சுரங்கங்களில் மறுமுனை வெளிச்சம் கடைசி வரை தெரியாது. பிரேக்கில் விரல் இருக்கட்டும், எதிரே ஏறி வருபவர்கள் உண்டு, நடப்பவர்களும் உண்டு.

நிறைய பேர் சைக்கிளை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய், இந்த இறக்கத்தை மட்டும் ஓட்டுகிறார்கள். இ-பைக் எடுப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏறாமல் இறங்குவதை நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மீட்டரையும் எவ்வளவு பார்த்துப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள் என்று கால் உணர்ந்த பிறகு இந்தச் சுற்றுகளில் இறங்கினால்தான் அவற்றின் அருமை புரிகிறது.

கீழே சாந்த் அனத்தோலியா தி நார்கோ. ஸ்பொலேட்டோவிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். நேரம் குறைவாக உள்ளவர்கள் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். சணல் நெசவுக்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சணல் நூற்றிருக்கிறார்கள்.

இங்கிருந்து பாதை ஆற்றோடு போகிறது. கொஞ்ச தூரத்தில் சான் பெலிச்சே தேவாலயம், 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முகப்பில் புனிதர் ஒருவர் டிராகனைக் கோடரியால் வெட்டும் சிற்பம். சதுப்பு நிலத்தை வடித்துக் காய்ச்சலை ஒழித்ததைத்தான் இப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்கிறார்கள். அடுத்து குன்றின் மேல் வல்லோ தி நேரா. பாதையை விட்டு மூச்சு வாங்க ஏற வேண்டும், ஆனாலும் ஏறுங்கள். அங்குள்ள சாந்தா மரியா தேவாலயத்தில் 1401-ல் வரைந்த ஊர்வல ஓவியம் ஒன்று உண்டு. 1399-ல் இத்தாலியில் வெள்ளை அங்கி போட்டு, சமாதானம் வேண்டி ஊர் ஊராக நடந்தவர்களின் ஊர்வலம். வெள்ளை முக்காடுகளுக்குள் தெரியும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று போல இன்னொன்று இல்லை.

இரவு அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு பண்ணை விடுதியில் தங்கினேன். மறுநாள் பியேதிபதேர்னோ, செர்ரேத்தோ என்று ஆற்றங்கரை ஊர்களாகக் கடந்து போவது சுலபமான ஓட்டம். மலைகள் நெருங்கி வந்து, கோர்னோ ஆற்றின் இடுக்கில் பாறையைக் குடைந்தே பாதை போகிறது. 2016 நிலநடுக்கத்தில் பாறைகள் சரிந்து பாதை மூடப்பட்டிருந்தது. பிறகும் பழுதுபார்க்கும் வேலைக்காகச் சில பகுதிகளை அவ்வப்போது மூடுவதுண்டு. கிளம்பும் முன் ஸ்பொலேட்டோவில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய இடங்களில் தார்ச் சாலைக்கு இறங்கி ஓட்ட வேண்டிவரும்.

இடுக்கு முடிந்ததும் மலை விலகி, அகன்ற சமவெளி. நடுவில் மதில் சூழ்ந்த நோர்ச்சியா. கி.பி. 480 வாக்கில் புனித பெனடிக்ட் பிறந்த ஊர். 2016 அக்டோபர் 30 காலையில் 6.5 அளவுள்ள நிலநடுக்கம் இங்கே எல்லாவற்றையும் குலுக்கியது. அவர் பெயரில் உள்ள பெரிய தேவாலயம் இடிந்து, முகப்பு மட்டும் நின்றது. நான் போனபோது சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. மதிலுக்கு வெளியே, வீடு இழந்தவர்களுக்குக் கட்டிய தற்காலிக வீடுகள் வரிசையாக இருந்தன. ஜன்னல்களில் பூந்தொட்டிகள். கடைக்காரர் ஒருவர் தன் கடையின் பழைய படத்தைக் கல்லாப் பெட்டிக்கு மேல் மாட்டி வைத்திருந்தார். விரலால் படத்தைத் தொட்டு, பிறகு தெருவின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

நோர்ச்சியாவுக்கு உணவில் பெரிய பெயர். பன்றி இறைச்சிக் கடைகளும் காட்டுப்பன்றித் தலைகளும் தெருவெங்கும் கண்ணில் படும், குளிர்காலத்தில் கறுப்பு ட்ரஃபிள் காளான். இறைச்சி சாப்பிடாதவர்களும் கவலைப்பட வேண்டாம். மேலே 1,452 மீட்டர் உயரத்தில் இருக்கும் கஸ்தெல்லூச்சோ ஊரைச் சுற்றி விளையும் பருப்பு இங்கே எல்லா உணவகத்திலும் கிடைக்கும். மிளகை விடச் சின்னது, தோல் மெலிசு, ஊறவைக்கவே வேண்டாம். பூண்டு, செலரி, ஆலிவ் எண்ணெய் மட்டும் போட்டு வேகவைத்து, வறுத்த ரொட்டியோடு ஆழமான தட்டில் தருகிறார்கள். மலை தாண்டி வந்த பசிக்கு நான் இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினேன்.

தயவுசெய்து நோர்ச்சியாவை எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். ஒரு இரவாவது தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், பருப்பு வாங்குங்கள். வருபவர்களை நம்பித்தான் அந்தக் கடைகள் திரும்ப ஷட்டரைத் தூக்கியிருக்கின்றன.