ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்

வங்கியில் 27 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியபோது, குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் வாரம் இரண்டு நாள் வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தேன். சென்னையில்தான். எந்த இடம் என்று சொல்ல முடியாது. சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட முதல் தாளே அதற்குத்தான். என் வீட்டுக்காரருக்கே இன்றுவரை தெரு பெயர் தெரியாது. ஆட்டோவில் போனால் இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடை வாசலில் இறங்கி நடக்க வேண்டும்.

சேர்வது லேசில்லை. போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டார்கள், என்னை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் கடிதம் கேட்டார்கள். கடைசியில் காப்பாளர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அடி வாங்கிட்டு வந்த பொண்ணு, பத்து நாள் கழிச்சு அதே வீட்டுக்கே போறேன்னு சொன்னா என்ன செய்வீங்க?" எடுத்துச் சொல்லித் தடுப்பேன் என்றேன். எதையோ எழுதிக்கொண்டார். பாஸ் ஆகவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆள் பற்றாக்குறையில் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆறு சனிக்கிழமை பயிற்சி. அப்புறம் முதல் இரண்டு மாதம் காய் நறுக்குவதும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதும்தான். அழுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லப்போகிறோம் என்று கற்பனை செய்துகொண்டு போனவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இதற்கிடையில் ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்ணிடம், "முதல் தடவை அடிச்சப்பவே வெளியே வந்திருக்கலாமேம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்து முடித்து எழுந்து போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. இதே கேள்வியைத்தான் அவளுடைய அண்ணனும் கேட்டானாம், ஸ்டேஷனிலும் கேட்டார்களாம். காப்பாளர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

என் வேலை என்ன என்பது மூன்றாவது மாதம் ஒருவர் வந்தபோதுதான் புரிந்தது. ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பதினோரு வயது மகனோடு வீட்டை விட்டு வந்தவர். பக்கத்து வீட்டு போனில் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைத்திருக்கிறார். அவர்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உடனடி உதவி செய்யும் அரசின் சகி மையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் காசு இல்லை. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத சாதாரண டவுன் பஸ்ஸாகப் பார்த்துப் பார்த்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். பையனுக்கான டிக்கெட்டைக் கண்டக்டர் ஒருவர் கேட்காமல் விட்டுவிட்டாராம், அதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். சகியில் தங்க முடிவது 5 நாள் வரைதான், அதிலும் ஆண் பிள்ளை என்றால் 8 வயது வரைதான் அம்மாவோடு இருக்கலாம். அதனால் அன்று சாயங்காலமே எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். எங்கள் காப்பகத்தில் 12 வயது வரை சேர்த்துக்கொள்வோம்.

ஒரு கட்டைப்பை. அதற்குள் பையனின் யூனிஃபார்ம், ஆதார் கார்டின் ஜெராக்ஸ், ஒரு சீப்பு.

மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் அவர் கணக்குக்குத்தான் வருகிறது. ஆனால் ஏ.டி.எம். கார்டு புருஷனிடம். மெசேஜும் அவன் போனுக்கு. ஆதாரில் இருப்பதும் அவன் நம்பர். "எதுக்குப் போனாலும் ஓ.டி.பி. அவருக்குத்தான்க்கா போகும்" என்றார், ஏதோ கரண்ட் கட் பற்றிச் சொல்வதுபோல. நாங்கள் இங்கே எதையாவது விண்ணப்பிக்கப்போய், அந்த ஓ.டி.பி.யே அவனுக்குத் துப்பு கொடுத்துவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவுண்டரில் இருந்த இத்தனை வருஷத்தில் எத்தனை பெண்களிடம் "வீட்டுக்காரர் நம்பரையே போட்டுடலாமா?" என்று நானே கேட்டிருப்பேன்!

ஆதாரில் போன் நம்பர் மாற்றப் பழைய நம்பரின் ஓ.டி.பி. வேண்டாம்; ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். போனோம். ரேகை விழவில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த கை. மையத்தில் வேலை பார்த்த பையன் ஈரத்துணி கொடுத்தான், துடைத்தார், விழவில்லை. தலைமுடியில் விரலைத் தேய்த்துக்கொண்டு வைக்கச் சொன்னான், எண்ணெய்ப் பசைக்காக. ஏழாவது தடவையில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். புருஷனிடம் இருந்த ஏ.டி.எம். கார்டை முடக்கியதெல்லாம் எனக்குப் பழகின வேலை, ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

பள்ளிக்கூடத்தில்தான் இழுத்தது. டி.சி. கேட்டார்கள். பழைய பள்ளியில் போய்க் கேட்டால் அப்பனுக்குத் தெரிந்துவிடும். டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். சண்டை போடவில்லை, சும்மா நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் வந்து டி.ஐ.ஆர்., அதாவது நடந்த வன்முறையைப் பதியும் அறிக்கை, எழுதிய அன்று நானும் கூட இருந்தேன். அந்தப் படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். அடித்தது, உதைத்தது என்று போய், ஆண் குழந்தை இல்லை என்று ஏசியது, கேட்காமல் நகையை அடகு வைத்தது, வாடகை கொடுக்காதது, கரண்ட் பில் கட்டாதது என்று நீள்கிறது. "கரண்ட் பில் கட்டாததும் இதுல வருமா மேடம்?" என்றார். வரும் என்றார் அலுவலர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நிறைய இருக்கு" என்றார். முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. வீடு அவர் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

கோர்ட்டில் மனு போட்டு சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் கூடப்போன வழக்குகளில் வாய்தாதான் அதிகம் பார்த்தேன்.

பத்தொன்பதாவது நாள், திரும்பிப் போகிறேன் என்றார். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பையன் அழுகிறான், புருஷன் குடியை விட்டுவிட்டாராம். எனக்கு நெஞ்சுக்குள் அடைத்தது. நேர்காணலில் நான் சொன்ன பதில் நாக்கு நுனி வரை வந்தது. காப்பாளர் அம்மா அதற்குள் ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்து, "எதெல்லாம் இங்கயே இருக்கட்டும்?" என்று கேட்டார். ஆதார், டி.ஐ.ஆர். நகல், பாஸ்புக் முதல் பக்கம், பையனின் பிறப்புச் சான்று எல்லாம் ஒவ்வொரு நகல். புது ஏ.டி.எம். கார்டையும் கவருக்குள் போட்டார். காப்பக நம்பரை என் போனிலிருந்து பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். நான் மூன்று தடவை ஒப்பிக்கச் சொன்னேன், அவ்வளவுதான் நான் செய்தது. பஸ் ஏறும்போது பையன் மட்டும் கையாட்டினான்.

நாலு மாதம் கழித்து, மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பின்னால் குக்கர் விசில் சத்தம். "அக்கா, அந்தக் கவர் இருக்கா?"

இருக்கு என்றேன். வைத்துவிட்டார்.