கல்லணையில் இரண்டு தூக்குவாளிகள்

வழி, செலவு, பார்க்க வேண்டியவை என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆட்டோ கட்டணம் நினைவுக்கு வந்ததும் வரிசை போய்விட்டது.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கல்லணை பஸ் ஏறினோம், நானும் மாமாவும். பாதி வழியில் டயர் போயிற்று. வந்த ஆட்டோக்காரர் மிச்ச தூரத்துக்கு 350 ரூபாய் கேட்டார். கெஞ்சி 300 ஆக்கினேன். இருவருக்கும் சேர்த்து நாள் முழுவதற்கும் 800தான் ஒதுக்கியிருந்தேன். பகல் கொள்ளை!

காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் நான்காகப் பிரியும் இடம். கரிகாலன் சிலை, பூங்கா எல்லாம் ஐந்து நிமிடம். மாமா மட்டும் ஷட்டர்களின் கைப்பிடியை விடவில்லை.

"கீழேயிருந்து ஒரு படகு வந்தால் இதில் எப்படி மாப்பிள்ளை ஏறும்?"

வெளிநாட்டுக் கால்வாய்களில் இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பி உயர்த்துவார்கள் என்றேன். ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். மாமாவுக்கு முகம் சுருங்கியது. கடைமடை விவசாயி, முறை வைத்துத் தண்ணீர் வாங்குபவர். "ஒரு படகுக்கு அவ்வளவு தண்ணீரா!"

அதற்குத்தான் படகுத்தூக்கி. ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க்கில் 2002இல் திறந்த ராட்டினம் படகைத் தண்ணீர்த் தொட்டியோடு 24 மீட்டர் தூக்குகிறது. ஒரு தொட்டி ஏற, எதிர்த்தொட்டி இறங்கும்.

"படகு இருக்கும் பக்கம் கனக்காதா?"

வாயால் சொன்னால் நம்பமாட்டார். டீக்கடையில் இரண்டு தூக்குவாளிகளை இரவல் வாங்கினேன். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஒரு மூங்கில் கழியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, நடுவில் கயிற்றால் தூக்கினேன். சமமாக நின்றது. ஒன்றில் கொட்டாங்குச்சியை மெல்ல மிதக்கவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் வழிந்து மாமாவின் வேட்டியை நனைத்தது. கழி ஒரு ஆட்டம் ஆடி, பழையபடி நேராக நின்றது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டியின் எடை ஒன்றுதான். மோட்டாருக்கு உராய்வை வெல்வதே பெரும்பாலான வேலை. அரைச்சுற்றுக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம்தான் ஆகிறதாம்.

"ஒன்றரையா? என் பம்புசெட் ஒரு மணி நேரத்தில் அதைவிட இழுக்குமே!" என்று மாமா இன்னொரு முறை கொட்டாங்குச்சியை எடுத்துப் போட்டார். பிறகு இன்னொரு முறை. கடைக்காரர், "சிந்திய தண்ணீரை யார் மொண்டு வருவது?" என்றார். அடிபம்பு கால் கிலோமீட்டர் தள்ளி. நான்தான் நடந்தேன்.

திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. நெய் சொட்டும் சூடான அசோகா அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார்கள். பாசிப்பருப்பு நாக்கிலேயே கரைகிறது. கால் கிலோ போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமா அரைக் கிலோ கட்டச் சொல்லிவிட்டார். ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு அவர்தான் டிக்கெட் எடுத்தார்.