பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்த டிரெய்லர்

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றும் நாட்களில்தான் இந்தத் தொல்லை பெரிதானது. குமரி மாவட்டம் தாழக்குடியில் மாமாவின் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லரில், விளக்குகள் நின்றால் எரியும், ஓடினால் அணையும். கடைசி நடை திரும்புவதற்குள் இருட்டிவிடும். விளக்கில்லாத வைக்கோல் பாரத்துக்குப் பின்னால் பைக்கில் வருகிறவனை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

"நீ எப்பமும் சால்டரிங்கும் கையுமால்லா இருக்க, இதக் கொஞ்சம் பாரு மக்கா" என்றார் மாமா.

முதல் ஞாயிறு வீண். பார்த்ததும் பல்பைத்தான் சந்தேகப்பட்டேன். பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்பு, உள்ளே 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழை. புதிது வாங்கிப் போட்டும் அதே கதை. கழற்றிய பழசை பேட்டரியில் நேராகத் தொட்டுப் பார்த்தால் எல்லாமே பளிச்சென்று எரிகின்றன. கடைக்குப் போவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை.

அடுத்த ஞாயிறு மாமாவை சீட்டில் உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். அப்போதுதான் அந்த விசித்திரம் கண்ணில் பட்டது. டிரெய்லரின் பிரேக் விளக்கு மங்கலாக எரிந்தது. கூடவே, யாரும் போடாத இண்டிகேட்டர்கள், டிராக்டரின் முன்பக்க இண்டிகேட்டர்கள் உட்பட, அணையப் போகிற கங்கு மாதிரி லேசாகச் சிவந்தன. எர்த், அதாவது கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி, போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிரேக் பல்பைத் தாண்டிய கரண்டுக்குப் பேட்டரிக்குத் திரும்ப நேர்வழி இல்லை. பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் வழியாக ஏறி, அதன் வயரிலேயே டிராக்டருக்குப் போய், முன்பக்க பல்பு வழியாக எர்த்தைப் பிடிக்கிறது. சந்து பொந்தாகச் சுற்றிப் போகிறதே தவிர, போகாமல் இல்லை.

மீட்டர் என்னைக் கொஞ்சம் ஏமாற்றியது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12.5 வோல்ட், எந்தக் குறையும் இல்லை. பல்பை மாட்டி, எரியும்போதே அளந்தால் 7 வோல்ட்தான். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. களிம்பு பிடித்த ஒரு நூலிழை போதும், முழு வோல்ட்டையும் காட்டிவிடும். இரண்டு பிரேக் பல்பு சேர்ந்தால் மூன்றரை ஆம்பியர் கேட்கும், அதை அந்த இழை தாங்காது. பேட்டரியின் மைனஸில் ஒரு முனை, டிரெய்லர் சேஸில் (அடிப்பக்க இரும்புச் சட்டம்) மீட்டரின் மறுமுனை வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்: 4.9 வோல்ட். அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக்கூடாது. தொலைந்த வோல்ட் முக்கால்வாசி அங்கேதான் கிடந்தது.

டிரெய்லர் விளக்குகளை டிராக்டரோடு இணைக்கும் ஏழு பின் பிளக்கைத் திறந்தேன். சாக்கெட்டில் எண் போட்டிருக்கும், 3 எர்த். அந்த இடத்தில் வயரே இல்லை! எப்போதோ அறுந்ததை யாரோ மடக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் டிரெய்லரை இழுக்கிற கொக்கியும் பின்னும்தான் எர்த்தாக இருந்திருக்கின்றன. அதில் மாமா தாராளமாக கிரீஸ் வேறு அப்புவார். பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் விளக்கு கண்ணடித்ததன் ரகசியம் அதுதான்.

2.5 சதுர மில்லிமீட்டர் வயரை 3-ஆம் பின்னிலிருந்து சேஸ் வரை புதிதாக இழுத்தேன். பெயின்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளபளத்த பிறகு வயர் முனையில் லக் (போல்ட் நுழையும் வளையம்) வைத்து, பல் வாஷர் போட்டு போல்ட்டை முறுக்கி, மேலே வாசலின் பூசினேன். நம் ஊரில் இரண்டு பருவமழையும் விடாது, கடற்காற்றும் வரும். சும்மா விட்டால் அடுத்த வருடம் இதே இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். பிளக் பின்களின் பிளவைக் கத்தி முனையால் லேசாக விரித்ததும் சாக்கெட்டில் இறுக்கமாக உட்கார்ந்தது. இப்போது பேட்டரி மைனஸுக்கும் சேஸுக்கும் நடுவே மறுபடி அளந்தால் 0.1 வோல்ட்தான்.

அப்பாடா என்று பார்த்தால், இடது பின்விளக்கு மட்டும் எரியவில்லை. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. வயரைச் சாண் சாணாகப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன். அச்சுக்குப் பக்கத்தில் ஓர் இடம் ரப்பர் போல நீண்டது. அறுத்தால் உள்ளே செம்பே இல்லை, பச்சைப் பொடி. இரண்டு பக்கமும் நல்ல செம்பு வரும் வரை வெட்டி, புதுத் துண்டைச் சேர்த்து சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். கறுப்பு டேப்பை நான் நம்புவதில்லை, வெயிலில் பசை ஒழுகி அவிழ்ந்துவிடும். வைக்கோலுக்கு வரும் எலியை நினைத்து, மொத்த வயரையும் தண்ணீர் ஹோஸுக்குள் நுழைத்துக் கட்டினேன்.

அன்று இரவே மாமா பூதப்பாண்டி வரை ஓட்டினார், நான் பின்னால் பைக்கில். வழி நெடுக ஒரு தடவைகூடக் கண்ணடிக்கவில்லை. நம்பர் பிளேட் விளக்கு பாக்கி இருக்கிறது. அதற்கு ஹோல்டரே இல்லை, இரண்டு ஓட்டை மட்டும்தான்.