நேர்ந்துவிட்ட கிடாவும் ஒரு எபிரேயச் சொல்லும்

பைபிளின் பழைய ஏற்பாட்டு மொழியான எபிரேயத்தின் எழுத்துப் படிக்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. இலக்கணத்தை முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் படிக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. அதனால் ஒரே ஒரு வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பிடித்தது கோஃப், தாலெத், ஷின் என்ற மூன்றெழுத்து. சின்ன வயதிலிருந்து வேதக்கோயிலில் (சர்ச்சில்) ‘பரிசுத்தம்’ என்று கேட்டு வளர்ந்தேனே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்பது இதுதான். பெயர்ச்சொல்லாக வந்தால் கோதெஷ். பெயருக்கு அடையாக வந்தால் கதோஷ். (இதில் ‘த’வை ‘பந்து’ என்பதில் வருகிற மாதிரி மெல்லச் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை.)

வேலை செய்கிற முறை ரொம்ப எளிது. ஒரு கோடு போட்ட நோட்டு. வலது பக்கம் எபிரேய வசனம், இடது பக்கம் எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தில் உள்ள தமிழ் வரி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம். கோதெஷ் மட்டுமே சுமார் 470 இடங்களில் வருகிறது, கதோஷ் நூற்றுக்குக் கொஞ்சம் மேலே. இதுவரை அறுபது இடம் எழுதியிருக்கிறேன்.

முதல் மூன்று வாரம் பெரும்பாலும் வீண். தாலெத்தும் ரேஷும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூலை கூர்மையாக இருந்தால் தாலெத், வளைந்திருந்தால் ரேஷ். யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தில் எங்கே பார்த்தாலும் நம் சொல்லாகவே தெரிய, சந்தோஷமாக எழுதித் தள்ளினேன். நாலு பக்கம் போன பிறகுதான் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தேன்: பலகை, பலகை, பலகை. அது கெரெஷ், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை. மொத்தம் 48 பலகைகளையும் பரிசுத்தப்படுத்தி வைத்திருந்தேன். அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை, சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.

ஒழுங்காகப் படிக்க வந்த பிறகு முதலில் கவனித்தது, இந்த வேர் வேதத்தில் முதன்முதலாக எதன் மேல் விழுகிறது என்பது. மலை இல்லை, ஆலயம் இல்லை, மனிதனும் இல்லை. ஒரு நாள். ஆதியாகமம் 2:3-இல் ஏழாம் நாள். இடத்துக்கு இது வருவது யாத்திராகமம் 3:5-இல்தான், எரியும் முட்செடிக்குப் பக்கத்தில் மோசே செருப்பைக் கழற்றுகிறபோது.

அடுத்து லேவியராகமம் 10:10. ஆசாரியனின் (பூசாரியின்) வேலை இரண்டு ஜோடிகளைப் பிரித்துக் காட்டுவது என்கிறது: கோதெஷும் ஹோலும் ஒரு ஜோடி, தாமேயும் தாஹோரும் இன்னொரு ஜோடி. தாமே என்றால் தீட்டு, தாஹோர் என்றால் தீட்டில்லாதது, சுத்தம். அப்படியானால் சுத்தத்துக்கு எபிரேயத்தில் தனிச் சொல் இருக்கிறது. கோதெஷ் அது இல்லை. கோதெஷுக்கு எதிர்ப்பதம் அழுக்கு அல்ல, ஹோல். சாதாரணம், பொது, புழக்கத்தில் இருப்பது. இன்றைய எபிரேயத்திலும் வாரத்தின் வேலை நாளுக்கு ‘யோம் ஹோல்’ என்றுதான் பெயர். ‘பரிசுத்தம்’ என்ற சொல்லில் சுத்தம் உட்கார்ந்திருப்பதால், நாற்பது வருஷமாக இந்த இரண்டு ஜோடிகளையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் தமிழில் என்ன சொல் சரியாக வரும்? ‘பிரித்தெடுத்தது’ என்று எழுதினேன், உப்பில்லை. ‘ஒதுக்கியது’ என்றால் ஊரை விட்டுத் தள்ளிவைத்த மாதிரி இருந்தது. இந்த இடத்தில் பத்து நாள் நின்றேன்.

விடை ஒரு ஆட்டிடமிருந்து வந்தது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு கறுப்புக் கிடா திரிகிறது. உடம்பெல்லாம் சகதி, நாற்றம் வேறு. என் கறிவேப்பிலைக் கன்றை மொட்டையடித்துவிட்டது. கம்பை எடுத்தேன். எதிர்வீட்டு அத்தை வாசலிலிருந்து சத்தம் போட்டார்கள்: “ஏல, அது சொடலமாடனுக்கு நேந்துவிட்டதுல்லா, கம்ப கீழ போடு!” போட்டுவிட்டேன். ராத்திரி நோட்டைத் திறந்தபோது, கோதெஷ் என்ற சொல்லுக்கு எதிரே காலியாகக் கிடந்த இடத்தில் ‘நேர்ந்துவிட்டது’ என்று எழுதினேன்.

அந்தக் கிடா சுத்தம் இல்லை. ஆனால் யாரும் அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, தன் இஷ்டத்துக்கு அறுக்கக் கூடாது. அது வேறொருவருடையது ஆகிவிட்டது. பிரதான ஆசாரியனின் நெற்றிப் பட்டத்தில் வெட்டிய வாசகமும் (யாத்திராகமம் 28:36) இதைத்தான் சொல்கிறது: ‘கர்த்தருக்கு’ கோதெஷ். ஆலயத்துக்கென்று எழுதி வைத்த பொருளுக்கு யூதச் சட்டத்தில் பெயர் ஹெக்தேஷ், இதே வேர். கல்யாணச் சடங்குக்கு கித்தூஷின் என்று பெயர். மோதிரம் போடும்போது மணமகன் மணமகளைப் பார்த்து, நீ எனக்கு ‘மெகுதெஷெத்’ என்கிறான். இனி அவள் மற்ற எல்லோருக்கும் ஹெக்தேஷ் பொருளைப் போல விலக்கு என்று யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் இந்தச் சொல்லை விளக்குகிறது. ஒரு பெண்ணைப் பொருளோடு ஒப்பிடுவது எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் காட்டவில்லை.

போன மாதம் கிடைத்ததுதான் நோட்டிலேயே எனக்குப் பிடித்த பக்கம். உபாகமம் 22:9: திராட்சைத் தோட்டத்தில் வேறு விதையைக் கலந்து விதைக்காதே, விதைத்தால் விளைச்சல் முழுக்க... தமிழில் ‘தீட்டு’ என்று இருக்கிறது. எபிரேயத்தில் இருப்பது ‘திக்தாஷ்’. கோஃப், தாலெத், ஷின்! மூன்று தடவை சரிபார்த்தேன், ரேஷ் இல்லை, தாலெத்தேதான். விளைச்சல் முழுக்க ‘கோதெஷ்’ ஆகிவிடும், உன் கைக்கு வராது என்பது பொருள். மொழிபெயர்த்தவர்கள் அங்கே ‘பரிசுத்தம்’ போட்டிருந்தால் வாக்கியமே நின்றிருக்காது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வேர் ஒரு பக்கம் பரிசுத்தம், இன்னொரு பக்கம் தீட்டு!

இது தொற்றக்கூடியதும்கூட. எசேக்கியேல் 44:19-இல் ஆசாரியர்கள் ஜனங்களிடம் வெளியே வருமுன் ஆராதனை உடுப்பைக் கழற்றி உள்ளேயே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உடுப்பிலிருந்து ஜனங்களுக்கு கோதெஷ் ஏறிவிடும். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இன்னும் ஒரு படி மேலே: வேத எழுத்துகள் ‘கையைத் தீட்டாக்கும்’ என்றே சட்டம். வீட்டில் மடித் துணியைத் தொடாதே என்று விரட்டப்பட்ட எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நேர்ந்துவிட்டது என்ற சொல்லோடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன், ஏசாயா 6:3 வரும் வரை. கதோஷ், கதோஷ், கதோஷ் என்று சேராபீன்கள் என்ற வானதூதர்கள் பாடுவது கடவுளை. கடவுளை யார் யாருக்கு நேர்ந்துவிடுவது? எழுதிப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. ஏசாயா புத்தகத்தில் மறுபடி மறுபடி வருகிற ‘இஸ்ரவேலின் கதோஷ்’ என்ற பெயரும் அப்படியே இடிக்கிறது. போதாக்குறைக்கு, எபிரேயத்துக்கு உறவான பழைய அக்காடிய மொழியில் இதே வேரின் உறவுச் சொற்களில் ‘சுத்தம்’ என்ற பொருளும் உண்டு என்று அகராதியில் பார்த்தேன். ஆக, ‘பரிசுத்தம்’ என்ற சொல்லை நான் துரத்திவிட்ட வேகம் கொஞ்சம் ஜாஸ்தி.

நடுவில் ஒரு சின்னச் சந்தோஷம். அப்துல் குத்தூஸ் என்ற பெயரை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், எருசலேமை பைத்துல் முகத்தஸ் என்று நம் ஊர் முஸ்லிம்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் இருப்பது இந்த மூன்றெழுத்தின் அரபி உறவு என்று இப்போதுதான் காதில் விழுகிறது. எருசலேம் ஆலயத்துக்கு எபிரேயத்தில் பேத் ஹமிக்தாஷ் என்று பெயர். பைத்துல் முகத்தஸோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

இப்போதைய நிலவரம்: அறுபதில் நாற்பத்தோரு இடங்களில் ‘நேர்ந்துவிட்டது’ பொருந்துகிறது, பன்னிரண்டில் இழுத்துப் பிடித்தால் பொருந்தும், ஏழில் பொருந்தவே இல்லை. அந்த ஏழும் கடவுளைப் பற்றிய வசனங்கள். அவற்றுக்கு எதிரே பென்சிலால் ‘பரிசுத்தர்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் சங்கீதம். கறிவேப்பிலைக் கன்று துளிர்த்திருக்கிறது, சுற்றி முள்வேலி போட்டாயிற்று.