மோர்பினுக்கு இருக்கும் காவல் இந்தக் குளிசைக்கு ஏன் இல்லை?

ஜூன் 26 ஆம் திகதி வந்தால் எங்கள் களுவாஞ்சிகுடி பிரதான வீதியால் பாடசாலைப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள். போதைப்பொருள் துஷ்பிரயோகத்துக்கும் கடத்தலுக்கும் எதிரான சர்வதேச தினம் அது. 1987 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்த நாள். நான் மருந்தக வாசலில் நின்று ஒவ்வொரு பதாகையாகப் படிப்பேன். சிகரெட், கசிப்புப் போத்தல், கஞ்சா இலை, ஊசி எல்லாம் வரைந்திருப்பார்கள். குளிசை அட்டை வரைந்த பதாகை ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் இந்த வீதியில் மருந்து விற்கிறவர்களுக்குத் தெரியும், இப்போது இளைஞர்கள் தேடி அலைவது எதை என்று.

பிரிகபலினைத்தான் சொல்கிறேன். நல்ல மருந்து. சீனி வருத்தத்தால் நரம்பு கெட்டு, இரவெல்லாம் கால் எரிகிறது என்று படுவான்கரையிலிருந்து வரும் வயதானவர்களுக்கு வைத்தியர்கள் எழுதிக்கொடுப்பார்கள். மண்டூரிலிருந்து வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, கிளினிக் கொப்பியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வருகிற ஆச்சிமார் அதை விழுங்கித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வலிப்பு நோய்க்கும் கொடுப்பதுண்டு. அதையே பத்து, பதினைந்து என்று ஒரேயடியாக விழுங்கினால் மயக்கமும் மிதப்பும் வரும். மதுவோடோ ஹெரோயினோடோ சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். தூக்கத்திலேயே உயிர் போகலாம்.

பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒரு தாய் வந்தார். ஊரைச் சொல்லமாட்டேன். மகனின் காற்சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து கிடைத்ததாக வெறும் அட்டை ஒன்றை நீட்டினார். "மகள், இது என்ன வருத்தத்துக்குக் கொடுக்கிற குளிசை? என்னுடைய பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். பிள்ளைக்கு ஏதோ பெரிய நோய், தன்னிடம் மறைக்கிறான் என்று நினைத்துப் பயந்திருந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 150 மில்லிகிராம் பிரிகபலின். எங்களுக்கு மருந்து கொண்டுவரும் எந்த விநியோகஸ்தரின் பட்டியலிலும் நான் காணாத வணிகப் பெயர். இலங்கை இறக்குமதியாளரின் பெயர் எங்கும் இல்லை. தயாரித்த நிறுவனம், நாடு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி மட்டும் தெளிவாக இருந்தன.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தத் தொகுதி இலக்கத்தைக் கொண்டு, அது எந்தப் பெட்டியில், யாருடைய பெயருக்கு, எந்தத் துறைமுகத்தால் வந்தது என்று கேட்க இன்னொரு நாட்டில் யாராவது இருக்கிறார்களா?

கடல் விடயத்தில் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் அரபிக்கடலில் இலங்கைக் கொடியுடன் நின்ற இரண்டு மீன்பிடிப் படகுகளில் சுமார் 500 கிலோகிராம் ஐஸ் என்னும் போதைப்பொருள் பிடிபட்டது. தகவல் கொடுத்தது எங்கள் கடற்படை. தேடிப் பிடித்தது இந்தியக் கடற்படை. படகுகளும் ஆட்களும் ஐஸும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரு நாட்டின் கொடி பறக்கும் கலத்தில் இன்னொரு நாடு எப்படி அனுமதி கேட்டு ஏறலாம் என்று போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 17 ஆவது உறுப்புரை வழி காட்டுகிறது. இது பெரிய காரியம். அந்த 500 கிலோவும் கரை சேர்ந்திருந்தால் எத்தனை வீடுகள் நாசமாகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

என்றாலும் என்னைப் போன்ற மருந்தாளருக்கு அதைவிடப் பெரிய வியப்பு மோர்பினின் கதை. 1961 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கையின்படி, அடுத்த வருடம் எவ்வளவு மோர்பின் தேவை என்று ஒவ்வொரு நாடும் வியன்னாவிலுள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபைக்கு முன்கூட்டியே கணக்குக் கொடுக்க வேண்டும். வாங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதிப் பத்திரம் கையில் கிடைக்காமல் விற்கும் நாடு ஏற்றுமதி அனுமதி கொடுக்க முடியாது. அந்த அனுமதியின் பிரதி ஒன்று சரக்கோடு வரும், இன்னொன்று நேரே எங்கள் அரசுக்கு வரும். சரக்கு வந்து சேர்ந்ததும் உண்மையில் வந்த அளவை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். துப்பாக்கி இல்லை, கப்பல் இல்லை, கடிதங்கள்தான். புற்றுநோயால் துடிக்கிறவருக்கு வைத்தியசாலையில் கிடைக்கும் மோர்பின் தெருவுக்குப் பெரிதாகக் கசியாமல் இருப்பதற்கு இந்தக் கடிதங்கள்தான் முக்கிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐஸ் காய்ச்சப் பயன்படும் எபெட்ரின், சூடோஎபெட்ரின் போன்ற மூலப்பொருட்களுக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஏற்றுமதி செய்யும் நாடு பெறும் நாட்டுக்கு முன்கூட்டியே அறிவிப்பதற்கான இணையவழி முறை 2006 முதல் இயங்குகிறது. "இப்படி ஒரு நிறுவனம் எங்கள் நாட்டில் இல்லையே" என்று பெறும் நாடு பதில் போட்டால், சரக்கு புறப்படும் முன்பே நின்றுவிடும்.

பிரிகபலின் இந்த உடன்படிக்கைகளின் எந்தப் பட்டியலிலும் இல்லை. டிரமடோல் என்ற வலி நிவாரணியும் இல்லை. ஐக்கிய இராச்சியம் 2019 இல் பிரிகபலினைத் தன் நாட்டுச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக்கியது; இந்தியா 2018 இல் டிரமடோலைத் தன் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அவரவர் வீட்டுக்கு அவரவர் பூட்டு. எங்கள் நாட்டிலும் மருந்துச் சீட்டு இல்லாமல் இதை விற்கக்கூடாது. ஆனால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஒரு பெட்டி பிரிகபலின் புறப்படும்போது, மோர்பினுக்குப் போகும் அந்தக் கடிதம் போக வேண்டும் என்று எந்தச் சர்வதேசக் கடப்பாடும் இல்லை.

அப்படியானால் அதையும் மோர்பினோடு ஒரே பட்டியலில் போட்டுப் பூட்டிவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிரமடோலைச் சேர்க்கலாமா என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆராய்ந்து, சேர்க்க வேண்டாம் என்றது. வேறு வலி நிவாரணி கிடைக்காத நாடுகளில் நோயாளிகளுக்கு இதுவும் எட்டாமல் போய்விடும் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். அந்த அச்சம் நியாயமானது. மண்டூர் ஆச்சி கால் எரிவோடு வெறுங்கையாகத் திரும்புவதை நான் பார்க்க விரும்பவில்லை. நான் கேட்பது பூட்டை அல்ல, அறிவித்தலை. பட்டியலில் இல்லாத இரசாயனங்களுக்குக்கூட நாடுகள் தாமாக முன்னறிவித்தல் அனுப்பும் வசதி 2022 முதல் இருக்கிறது. மருந்துக்கும் அப்படி ஒன்றைத் தெற்காசிய நாடுகள் தமக்குள் தொடங்கினால் என்ன? சார்க் நாடுகளின் போதைப்பொருள் உடன்படிக்கை 1990 இல் மாலேயில் கைச்சாத்தானது. அதன் கண்காணிப்புப் பிரிவை அமைத்ததும் கொழும்பில்தான். புதிதாகக் கட்டடம் எதுவும் எழுப்பத் தேவையில்லை.

விற்கும் நாடு மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அண்மைய உதாரணமும் இருக்கிறது. டாபென்டடோல் என்ற வலி நிவாரணியையும் காரிசோப்ரோடோல் என்ற தசை தளர்த்தும் மருந்தையும் கலந்த குளிசைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆபிரிக்கத் தெருக்களுக்குப் போவதை பிபிசி வெளிக்கொண்டுவந்த பிறகு, அவற்றின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்குமான அனுமதிகளை இந்திய அரசு 2025 பெப்ரவரியில் மீளப் பெற்றது. ஆனால் அதற்கு ஒரு செய்தி நிறுவனம் இரகசியக் கமராவோடு போக வேண்டியிருந்தது. ஓர் அரசு இன்னோர் அரசிடம் கேட்டே இது நடந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1972 இல் திருத்தப்பட்ட அதே 1961 உடன்படிக்கையின் 38 ஆவது உறுப்புரை, பாவனைக்கு ஆளானவர்களை நேரத்தோடு இனங்காண்பது, சிகிச்சை, கல்வி, புனர்வாழ்வு, திரும்பவும் சமூகத்தோடு சேர்ப்பது ஆகியவற்றையும் நாடுகளின் கடமையாக்குகிறது. பிடிப்பதைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தப் பகுதியை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அந்தத் தாய் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததாகக் கேட்டது, "பொலிஸுக்குச் சொன்னால் திருத்தித் தருவார்களா?" என்பதுதான். சிறைக்கு அனுப்பாமல் குணமாக்கும் இடம் வீட்டுக்கருகில் இருக்கிறது என்ற எண்ணமே அவருக்கு இல்லை. வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் எழுதிக்கொடுத்தேன். குளிசையை ஒரே நாளில் பறித்து நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம், வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பையன் கிளினிக்குக்குப் போகிறான். சில வாரம் வழுக்குகிறான், பிறகு மீண்டும் போகிறான்.

இதை வாசிக்கும் மருந்தாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சந்தேகமான அட்டை கையில் கிடைத்தால் கோபத்தில் கிழித்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். தொகுதி இலக்கமும் தயாரிப்பாளர் பெயரும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லாமலேயே உங்கள் பகுதி உணவு மருந்துப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்குப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இந்த வாரம் அதன் பிரதியைக் கொழும்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப் போகிறேன்.