வாரம் ஒருநாள் மாத்திரை

எனக்கு வேலை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், லாரிகளுக்கு எடை போடுவது. கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே வலித்தது. பார்வையில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. டவுன் கிளினிக்கில் கண் நோவு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். திரும்ப வந்தபோதும் அதே சொட்டுதான். ஈப்போவில் கண் நிபுணரைப் பார்த்த பிறகுதான் யுவைட்டிஸ் என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணுக்குள் அழற்சியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

ஆனால் அதை உறுதி செய்யாமல் டாக்டர் மருந்தைத் தொடவில்லை. காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே, கல்லீரல் அழற்சி பி, சி கிருமிகளுக்கு ரத்தப் பரிசோதனை. லயத்தில் எலித் தொல்லை உண்டா, கால்வாயில் இறங்குவீர்களா என்றும் கேட்டார். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸும் கண்ணைத் தாக்குமாம். கிருமியால் வந்த நோய் என்றால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து அதை இன்னும் மோசமாக்கிவிடும். அலைச்சலாக இருந்தாலும் அத்தனையும் தேவை என்றே இன்றும் சொல்வேன்.

முதலில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. சிவப்பு சீக்கிரமே வடிந்தது. அப்புறம் முகம் உப்பியது, தூக்கம் போனது, இனிப்பு நீர் ஏறியது. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குறைத்தபோதெல்லாம் அழற்சி திரும்பியது. அதனால்தான் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மாத்திரையான மெத்தோட்ரெக்சேட்டுக்குப் போனோம்.

உறையிலிருந்த தாளைப் படித்த மனைவி புற்றுநோய் மருந்தென்று அழுதுவிட்டாள். அடுத்த முறை அவளையும் அழைத்துப் போனேன். “புற்றுநோய்க்குக் கொடுக்குற அளவு வேறம்மா. இது ரொம்பக் குறைச்சல். மூட்டுவாதத்துக்கும் இதையேதான் கொடுக்குறோம்” என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். யுவைட்டிஸுக்கு மெத்தோட்ரெக்சேட்டையும் மைக்கோஃபெனோலேட்டையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 216 பேர் சேர்ந்த அந்த ஆய்வில் தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கெடுத்திருக்கிறது. புதிய மருந்தான மைக்கோஃபெனோலேட் பழைய மெத்தோட்ரெக்சேட்டை மிஞ்சவில்லை என்பதுதான் முடிவு. அதைப் படித்துக் காட்டிய பிறகே வீட்டில் பயம் தணிந்தது.

இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு. 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு, சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகளாக உள்ளங்கையில் கிடக்கும். மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு நாள்காட்டியில் கோடு போடுவாள். வயிற்றுப் பிரட்டலும் வாய்ப்புண்ணும் குறைய, ஃபோலிக் அமிலம் வேறொரு நாளில். மருந்து கல்லீரலைத் தொடும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மதுவும் கூடாது. கல்யாண வீட்டில் “ஒரு கிளாஸ்தானே அண்ணே” என்பார்கள். கல்லீரல் என்னுடையது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். காய்ச்சல் என்று எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிடுவேன், ஏனென்றால் பேக்ட்ரிம் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை போன்ற சில மருந்துகள் இதோடு சேரவே சேராது.

சில மாதங்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். விட்டுவிடத் தோன்றுவது அப்போதுதான், விடக் கூடாததும் அப்போதுதான். பிறகு ஒருநாள் டாக்டர் என் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தூசி பறப்பதுபோல அழற்சி செல்கள் அதில் மிதக்குமாம். “இன்னைக்கு ஒன்னும் காணோம்” என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரெட்னிசோலோன் இப்போது மிகக் குறைவு. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அறுவைக்கு முன் குறைந்தது 3 மாதமாவது அழற்சி அடங்கியிருக்க வேண்டும் என்கிறார் டாக்டர், அதனால் இன்னும் நாள் குறிக்கவில்லை. ஞாயிறு மாத்திரை தொடர்கிறது.